மூன்று வாங்கி மூன்றையும் திருப்பிக் கொடுத்தும் வெளியே: இந்த முதல் சுற்றுகளுக்கு இரண்டு லெக் தேவையா?

#1 சோவெட்டோ சோழன்

நேற்று ஆர்லாண்டோ அரங்கத்தில் இருந்தேன். தொண்டை கட்டிக்கொண்டது, பேச முடியவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. 2025-26 ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக், இரண்டாம் சுற்று. ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டம், ஒவ்வொன்றும் ஒரு லெக். தீபாவளியை ஒட்டி லுபும்பாஷியில் நடந்த முதல் லெக்கில் காங்கோவின் செயின்ட் எலுவா லுபோபோ, நம் தென் ஆப்பிரிக்காவின் ஆர்லாண்டோ பைரேட்ஸை 3-0 என்று சாத்தியது. வீட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார்கள், நான் ஒரு வாய் வைக்கவில்லை. நேற்று சோவெட்டோவில் பைரேட்ஸ் அதே 3-0 கணக்கைத் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது கோல் விழுந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் தூக்கியே விட்டார். மொத்தம் 3-3. கூடுதல் நேரம் கிடையாது, நேரே பெனால்டி. போச்சு. இந்த வருடத்து ஆப்பிரிக்கக் கணக்கு அக்டோபரிலேயே முடிந்தது. முன்பெல்லாம் இந்தச் சுற்றில் தோற்றால் கான்ஃபெடரேஷன் கோப்பை என்ற அடுத்த நிலைப் போட்டிக்காவது இறக்கிவிடுவார்கள், இப்போது அதுவும் இல்லை.

என் கேள்வி இதுதான். குரூப் கட்டம் வருவதற்கு முன்பே ஒரு பெரிய கிளப்பை இப்படி வெளியே தள்ளும் சுற்று எதற்கு? நடத்தியே ஆக வேண்டுமென்றால் ஒரே ஆட்டமாக, பொதுவான ஊரில், கூடுதல் நேரத்தோடு நடத்தக் கூடாதா? இரண்டு லெக் என்றால் பாதி முடிவை விமானமும் வெயிலும் எழுதிவிடுகின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து நான்கு வருடமாகிறது, இந்த அமைப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

#2 கணக்கு அக்கா

தம்பி, முதலில் வெந்நீரில் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. லுபும்பாஷியில் 3-0 தோற்றதற்குப் பதில் 3-1 தோற்றிருந்தால்? நேற்றைய மூன்றையும் சேர்த்து 4-3, பெனால்டியே வந்திருக்காது. அங்கே தொண்ணூறு நிமிடத்தில் ஒரு பந்தை உள்ளே தள்ள முடியாத அணிக்காக நீங்கள் அமைப்பைத் திட்டுகிறீர்கள்.

ஒரே ஆட்டம், பொதுவான ஊர், கூடுதல் நேரம் என்கிறீர்கள். பைரேட்ஸுக்கு அதுவும் கிடைத்திருக்கிறது. 2022 மே மாதம், கான்ஃபெடரேஷன் கோப்பை இறுதி, நைஜீரியாவின் உயோ நகரம். ஒரே ஆட்டம். மொரோக்கோவின் பெர்கானோடு 1-1, கூடுதல் நேரமும் ஆடினார்கள். பிறகு பெனால்டியில் தோற்றார்கள். அடுத்து 2023, சாம்பியன்ஸ் லீக், இதே இரண்டாம் சுற்று: பொட்ஸ்வானாவின் ஜ்வானெங் கேலக்ஸி அங்கே 1-0, பைரேட்ஸ் இங்கே 1-0, பெனால்டியில் தோல்வி. இப்போது லுபோபோ. நான்கு வருடத்துக்குள் மூன்று முறை. இது அமைப்பின் கோளாறா, பன்னிரண்டு கெஜத்தில் கால் நடுங்குகிற கோளாறா?

#3 மஞ்சள் சட்டை

அக்கா சொன்னதற்கு மேல் என்ன சொல்ல. நாங்கள், அதாவது சன்டவுன்ஸ், நைஜீரியாவின் அபியோகுட்டாவுக்குப் போய் ரெமோ ஸ்டார்ஸை 5-1, பிறகு வீட்டில் 2-0. இரண்டாம் லெக் அன்று மனைவியோடு கடைக்குப் போக முடிந்தது. இரண்டு லெக் அருமையான ஏற்பாடு, மாற்றவே வேண்டாம் :)

சோழரே, செஞ்சுரியனில் குடியிருந்துகொண்டு பைரேட்ஸுக்குக் கத்துகிறீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லாம் சன்டவுன்ஸ் மஞ்சள். வாடகைக்கு எப்படி வீடு கொடுத்தார்கள்?

#4 சோவெட்டோ சோழன்

சட்டைக்காரரே, 2016ஐ மறந்துவிட்டீர்களா? நீங்கள் ஒரே ஒரு முறை கோப்பை வாங்கிய வருடம். அந்த வருடம் நீங்கள் வெளியே போன அணி ஐயா! காங்கோவின் வீட்டா கிளப்பிடம் வெளியூர் கோல் கணக்கில் (மொத்தம் சமமானால் வெளியூரில் அதிகம் போட்டவர் ஜெயிப்பார்) தோற்று, கான்ஃபெடரேஷன் கோப்பைக்கு இறங்கி, அங்கேயும் கானாவின் மெடியாமாவை இங்கே 3-1 ஜெயித்துவிட்டு அங்கே 0-2 தோற்று, மறுபடியும் வெளியூர் கோலில் போனீர்கள். அதற்குப் பிறகு வீட்டா கிளப் சான்சிபாரின் மஃபுன்சோவோடு மோதிய சுற்றில் தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியது தெரியவந்து, அவர்களை நீக்கி, உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை வெளியே போய் கோப்பை வாங்கியவர்கள் எனக்கு அமைப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

#5 மஞ்சள் சட்டை

உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கூப்பிட்டதும் போய் இறுதியில் எகிப்தின் சமாலெக்கை எங்கள் அட்டரிஜ்வில்லில் 3-0 அடித்தோமே. பந்தியில் இடம் காலியானால் உட்காரலாம், சாப்பிடத் தெரிய வேண்டும்.

#6 பெய்வியூ ஐயா

வணக்கம் பிள்ளைகளே. நான் டர்பன் சாட்ஸ்வொர்த், வயது எழுபத்திரண்டு. என் தமிழ் கோயில் பாடசாலையில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லாரும் பைரேட்ஸ், சன்டவுன்ஸ் என்று பேசுகிறீர்கள். எங்கள் மேனிங் ரேஞ்சர்ஸை ஒருவரும் சொல்லவில்லை. புதிதாய் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1928இல் டர்பன் இந்தியர்கள் தொடங்கிய கிளப். இந்த நாட்டின் இப்போதைய பிரிமியர் லீக் 1996இல் ஆரம்பித்ததே, அதன் முதல் சாம்பியன் யார் என்று நினைக்கிறீர்கள்? சீஃப்ஸ் இல்லை, பைரேட்ஸ் இல்லை. மேனிங் ரேஞ்சர்ஸ். கோர்டன் இகசண்ட் பயிற்சியாளர். அவர் பிற்பாடு பைரேட்ஸ், சான்டோஸ், சன்டவுன்ஸ் என்று போன இடமெல்லாம் லீக் வாங்கிக் கொடுத்தார். முதலில் வாங்கியது எங்களோடுதான். சாட்ஸ்வொர்த் அரங்கம்தான் வீடு.

லீக் வாங்கியதால் 1998இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக். அப்போது குரூப்பில் பதினாறு அணி இல்லை, எட்டுதான். இரண்டு குரூப், ஒவ்வொன்றிலும் முதலில் வருபவர் நேரே இறுதிக்கு. அந்த எட்டுக்குள் வர இதே மாதிரி நாக் அவுட் சுற்றுகளை, அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று தாண்ட வேண்டும். எங்கள் பையன்கள் தாண்டினார்கள். குரூப்பில் யார் யார்? முந்தைய வருடத்து சாம்பியன் ராஜா காசாபிளாங்கா, கோட் திவாரின் அசெக் மிமோசாஸ், தார் எஸ் சலாமின் யங் ஆப்பிரிக்கன்ஸ். அசெக்தான் அந்த வருடக் கோப்பையை வாங்கினார்கள். ஆப்பிரிக்காவின் கடைசி எட்டில் சாட்ஸ்வொர்த்!

இது எங்களுக்கு என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் அப்பா கேட்டோ மேனரில் வாழை வைத்திருந்தார். இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் விரட்டி சாட்ஸ்வொர்த்தில் போட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு ஒரு லீக், கறுப்பருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்றிருந்த காலம். எல்லாரும் சேர்ந்து ஆடுவோம் என்று சொன்ன ஃபெடரேஷன் லீக் கரீஸ் ஃபவுண்டனில் நடந்தது. ரேஞ்சர்ஸ் அங்கேதான் ஆடினார்கள். நான் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், பிறகு வேலியில் ஏறிப் பார்த்திருக்கிறேன், கடைசியில் காசு கொடுத்தும் பார்த்தேன். நிறவெறியால் ஃபீஃபா இந்த நாட்டை 1961இல் நிறுத்தி வைத்தது, 1976இல் நீக்கியே விட்டது, 1992இல்தான் திரும்பச் சேர்த்தது. எங்கள் வாலிபம் முழுக்க வெளியூர் ஆட்டம் என்றால் ஜோஹன்னஸ்பர்க், அதிகம் போனால் கேப் டவுன். ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டே ஆப்பிரிக்காவைப் பார்க்காத ஜனங்கள் நாங்கள்.

தம்பி சோழன், ஒரே ஆட்டம், பொது ஊர் என்கிறீர்கள். பொது ஊர் என்றால் கெய்ரோவாக இருக்கும், காசாபிளாங்காவாக இருக்கும். டர்பன் இருக்காது. ராஜா எங்கள் ஊருக்கு வந்தான் என்றால் சட்டத்தில் இரண்டாம் ஆட்டம் என்று ஒன்று இருந்ததால் வந்தான். இல்லாவிட்டால் அவன் ஏன் வரப்போகிறான்?

#7 கேப் காற்று

ஐயா, படித்துச் சிலிர்த்தது, நிஜமாகவே. ஆனாலும் மறுத்துப் பேச அனுமதி கொடுங்கள்.

உங்கள் கதை குரூப் கட்டத்துக் கதை. ராஜா வந்தது குரூப் ஆட்டத்துக்கு. அதற்கு முந்தைய சுற்றுகளைப் பற்றித்தான் இந்த இழை. அங்கே என்ன நடக்கிறது? 2019இல் சன்டவுன்ஸ் சேஷெல்ஸின் கோட் தோர் அணியை 11-1 அடித்தது நினைவிருக்கிறதா? அது போட்டியா? சின்னத் தீவிலிருந்து பகுதி நேர ஆட்டக்காரர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து பதினொரு கோல் போட்டு அனுப்புவது. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அவர்கள் செலவு. முதல் சுற்றுகளுக்கு ஆப்பிரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் கிளப்புக்கு 50,000 டாலர் கொடுக்க ஆரம்பித்ததே 2023இல்தான். பிறகு கூட்டியிருக்கிறார்கள், சரி. அதற்கு முன் உண்டியல் குலுக்கித்தான் போயிருப்பார்கள்.

வட்டார வாரியாகத் தகுதிச் சுற்று வைக்கலாம். பெண்கள் சாம்பியன்ஸ் லீகில் அப்படித்தானே? ஆப்பிரிக்காவின் தெற்கு வட்டாரத்து அணிகள் ஒரு ஊரில் கூடி ஆடி, ஜெயிப்பவர் மேலே போகிறார்கள். செலவு மிச்சம். சன்டவுன்ஸ் பெண்கள் அப்படிப் போய் 2021இலும் 2023இலும் கோப்பையே வாங்கினார்கள்.

#8 கணக்கு அக்கா

காற்றே, 11-1 பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதற்குத்தான் விலக்கு இருக்கிறது. ஐந்து வருடப் புள்ளிக் கணக்கில் மேலே இருக்கும் கிளப்புகள் முதல் சுற்றை ஆட வேண்டாம், நேரே இரண்டாம் சுற்று. இந்த வருடம் சன்டவுன்ஸுக்கு அப்படித்தான். பைரேட்ஸுக்கு அந்தப் புள்ளி இல்லை, அதனால் லெசோத்தோவின் லியோலியோடு முதல் சுற்று ஆடி வந்தார்கள். சோழன் தம்பி "பெரிய கிளப்" என்கிறார். 1995இல் கோப்பை வாங்கியதற்குச் சட்டையில் ஒரு நட்சத்திரம் தைத்திருக்கிறார்கள். புள்ளிக் கணக்கில் அந்த நட்சத்திரத்துக்கு மதிப்பு பூஜ்யம்.

ஒன்று மட்டும் சோழனோடு ஒத்துப்போகிறேன். கூடுதல் நேரம் இல்லாமல் நேரே பெனால்டிக்குப் போவது எனக்கும் பிடிக்கவில்லை. மூன்று கோல் போட்டு மூச்சிரைக்க ஏறி வந்த அணிக்கு இன்னும் அரை மணி நேரம் ஓடக் கொடுத்திருக்கலாம். பயண அலுப்பு, அடுத்த வாரம் லீக் ஆட்டம் என்று காரணம் சொல்வார்கள். இருந்தாலும்.

#9 நெடுஞ்சாலை நாகு

லியோலி என்று படித்ததும் எழுத வந்தேன். அந்த "வெளியூர்" ஆட்டத்துக்கு நான் போனேன். வெளியூர் என்பதை மேற்கோளுக்குள் போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

லெசோத்தோ அணியின் சொந்த ஆட்டம் எங்கே நடந்தது? ப்ளூம்ஃபொன்டைனில்! நம் நாட்டுக்குள். அவர்கள் தலைநகர் மாசேருவில் இருக்கும் அரங்கத்துக்கு ஆப்பிரிக்கச் சம்மேளனத்தின் அனுமதி இல்லை. அதனால் லியோலி எல்லை தாண்டி ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வந்து "சொந்த மண்ணில்" ஆடியது.

நாங்கள் நாலு பேர் லெனேசியாவிலிருந்து காரில். புரட்டாசி மாதம், நாலு பேரும் விரதம். வழியில் பெட்ரோல் பங்க் கடைகளில் எதைத் தொட்டாலும் கோழி, இல்லையென்றால் மாடு. அதனால் அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தார். என்1 சாலையில் கிராஸ்மியர் சுங்கம், வால் சுங்கம், கடைசியாக வெர்கேர்டேவ்லெய் சுங்கம், ஒவ்வொன்றிலும் காசு. (அந்தப் பெயரைச் சரியாகச் சொல்பவனுக்கு ஒரு கட்டு வெற்றிலை பரிசு என்று அப்பா சொல்வார்.) நானூறு கிலோமீட்டர்.

அரங்கத்துக்குள் போனால் எங்கே பார்த்தாலும் கறுப்பு வெள்ளை. பைரேட்ஸ் கூட்டம். லியோலி ஆட்கள் ஒரு மூலையில். அவர்களும் சேசோத்தோ பேசுகிறார்கள், எங்கள் பக்கத்தில் இருந்த ப்ளூம்ஃபொன்டைன்காரர்களும் சேசோத்தோ பேசுகிறார்கள். கம்பளி போர்த்திய ஒரு முதியவர் எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் வெல்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தாராம். யாருக்கு ஆதரவு என்று கேட்டேன். "பிறந்தது லியோலி ஊர், சம்பளம் வந்தது இந்த ஊர், இன்றைக்கு யார் கோல் போட்டாலும் எழுந்து நிற்பேன்" என்றார். பைரேட்ஸ் 3-0. மூன்று முறையும் எழுந்து நின்றார். புளியோதரை கொடுத்தேன், புளிப்பு பிடிக்கவில்லை, வேர்க்கடலையை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டார்.

அதனால் பெய்வியூ ஐயா சொல்வதைக் கேட்டதும் எனக்கு இரண்டு மனசு. இரண்டு லெக் இருப்பதால் சின்ன ஊருக்குப் பெரிய அணி வரும் என்கிறார். லியோலி ஊருக்கு யார் போனார்கள்? ஒருவரும் போகவில்லை. வீட்டுக்காரனே அடுத்த ஊர்ச் சத்திரத்தில் விருந்து வைத்த மாதிரி இருந்தது. அனுமதி பெற்ற அரங்கம் இல்லாத நாடு ஆப்பிரிக்காவில் ஒன்றா இரண்டா.

#10 பெய்வியூ ஐயா

நாகு தம்பி, இதை நான் யோசிக்கவில்லை. சொல்வது நியாயம். அந்தச் சுரங்கக்காரரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் பாருங்கள், இதற்கு மருந்து இரண்டாம் ஆட்டத்தை எடுத்துவிடுவதா, மாசேரு அரங்கத்தைச் செப்பனிடுவதா?

#11 கேப் காற்று

ஐயா, செப்பனிட யார் காசு? விளக்கு, மருத்துவ அறை, இருக்கை, ஊடக அறை என்று பட்டியல் நீளம். ஒரு வருடத்தில் ஒரே ஒரு ஆட்டத்துக்காக எந்த அரசு செய்யும்?

#12 ரோஸ்ஹில் ராணி

மொரிஷியஸ்காரியும் ஒரு வார்த்தை சொல்லலாமா? கல்யாணமாகி டர்பன் வந்து பதினெட்டு வருடமாகிறது.

சாட்ஸ்வொர்த் ஐயா எழுதியதைப் படித்தபோது எங்கள் ஊர் ஞாபகம். எங்களிடம் "தமிழ் கேடட்ஸ்" என்றே ஒரு கிளப் இருந்தது. இந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கவுட்ஸ், கிரியோல்களுக்கு ஃபயர் பிரிகேட். அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேரே மைதானத்துக்குப் போவார். சாமி கும்பிடுவதும் தமிழ் கேடட்ஸுக்காகத்தான் என்று அம்மா சொல்வார். பிற்பாடு சாதி மதப் பெயர் கூடாது என்று பெயரை மாற்றினார்கள், ஆனால் கூட்டம் மாறவில்லை. 1999 மே மாதம் ஸ்கவுட்ஸும் ஃபயர் பிரிகேடும் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு கலவரம், போர்ட் லூயியில் சூதாட்ட விடுதிக்குத் தீ வைத்தார்கள், ஏழு பேர் போனார்கள். அதன் பிறகு கிளப்புகளையெல்லாம் கலைத்து ஊர் பெயரில் புதிதாக அமைத்தார்கள். அப்பா அதற்கப்புறம் மைதானத்துக்குப் போகவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து மான்செஸ்டர், லிவர்பூல் பார்த்தார். தீவு முழுக்கவே அப்படித்தான் ஆனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர் கிளப்புகள் இன்றைக்கும் ஆப்பிரிக்க முதல் சுற்றில்தான் போய் நிற்கும், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். காற்று தம்பிக்கு அது வீண் செலவாகத் தெரிகிறது. எங்களுக்கு வருடத்தில் அந்த ஓர் ஆட்டம்தான் உள்ளூர்ச் சண்டை இல்லாத ஆட்டம். வெளிநாட்டு அணி வந்தால் தீவே ஒரு பக்கம் உட்காரும். தமிழ், இந்து, முஸ்லிம், கிரியோல் எல்லாம் ஒரே வரிசையில். தோற்கட்டுமே. ஏழு கோல் வாங்கட்டுமே.

#13 மட்டுறுத்துநர்

நண்பர்களே, இழை நன்றாகப் போகிறது, தலையிட மனமில்லை. நேற்றைய நடுவரைப் பற்றி வந்த இரண்டு பதிவுகளை மட்டும் எடுத்துவிட்டேன். அவர் தாயாரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது.

#14 உசுத்து உமா

டர்பன் என்றால் மேனிங் ரேஞ்சர்ஸ் மட்டும்தானா? அமாசூலு இருக்கிறோம்!

2021. லீகில் இரண்டாவது வந்து வாழ்க்கையில் முதல் முறை சாம்பியன்ஸ் லீக். பயிற்சியாளர் பென்னி மெக்கார்த்தி, 2004இல் போர்ட்டோவோடு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் வாங்கியவர். முதல் சுற்றில் மலாவியின் பிக் புல்லட்ஸைத் தாண்டினோம். இரண்டாம் சுற்றில் யார் வந்தது தெரியுமா? டிபி மசெம்பே. ஐந்து முறை ஆப்பிரிக்க சாம்பியன். சோழனுக்கு நேற்று வயிற்றைக் கலக்கிய அதே லுபும்பாஷி ஊர்தான், லுபோபோவின் ஊர்ப் பங்காளி.

இங்கே 0-0. எல்லாரும் முடிந்தது என்றார்கள். அங்கே போய் 1-1. அந்த ஒரே ஒரு வெளியூர் கோலில் மசெம்பே வெளியே, நாங்கள் குரூப்புக்குள். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், பாதிப் பேருக்கு மசெம்பே என்றால் என்னவென்றே தெரியவில்லை. பீனிக்ஸில் எல்லாரும் லிவர்பூல்.

சோழரே, உங்கள் சட்டப்படி ஒரே ஆட்டம், பொது ஊர் என்றால் அமாசூலு ஜெயித்திருக்குமா? நூற்றுக்கு ஐந்து. இரண்டு லெக் பலவீனமான அணிக்குத்தான் தோழன். ஒரு நாள் கதவை அடைத்துக்கொண்டு தாங்கு, இன்னொரு நாள் ஒரே ஒரு முறை எட்டிக் கடி. இதே விஷயத்தை மஞ்சள் சட்டையைக் கேளுங்கள். போன ஏப்ரலில் கெய்ரோவில் அல் அஹ்லியோடு அரையிறுதி. இங்கே 0-0, அங்கே தொண்ணூறாவது நிமிடத்தில் அவர்களே தங்கள் வலைக்குள் போட்டுக்கொண்டதில் 1-1, சன்டவுன்ஸ் இறுதிக்கு.

#15 மஞ்சள் சட்டை

அந்த நிமிடத்தில் நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி காவல் நிறுவனத்துக்கு போன் செய்துவிட்டார். துப்பாக்கியோடு வந்தார்கள். வந்தவரும் மஞ்சள் கட்சி. மறு ஒளிபரப்பை மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் போனார்.

இறுதியில் பிரமிட்ஸிடம் தோற்றதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

#16 கேப் காற்று

உமா சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பலவீனமான அணிக்குத் தோழன் என்றால் பைரேட்ஸுக்கு எதிராக லுபோபோவுக்கும் தோழன்தானே? அப்போது நேற்று நடந்தது நியாயம் என்கிறீர்கள்.

#17 உசுத்து உமா

ஆமாம். அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்கிறேன் :)

#18 கணக்கு அக்கா

ஜ்வானெங் கேலக்ஸியை மறந்துவிடாதீர்கள். பைரேட்ஸுக்கு முன்னால், 2021இலேயே தான்சானியாவின் சிம்பாவை இப்படித்தான் கவிழ்த்தார்கள். சொந்த ஊரில் 0-2 தோல்வி. தார் எஸ் சலாமில் 3-1. வெளியூர் கோலில் உள்ளே. ஜ்வானெங் என்பது கலஹாரியில் இருக்கும் வைரச் சுரங்க ஊர், சாட்ஸ்வொர்த்தோடு ஒப்பிட்டால் ஜனத்தொகை மிகக் குறைவு. என் கட்சிக்காரர்களில் ஒருவர் அங்கே ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டு வந்து, சூப்பர் மார்க்கெட் வரிசையில் கோல்கீப்பர் எனக்கு முன்னால் நின்றார் என்று பெருமையாகச் சொன்னார்.

#19 சோவெட்டோ சோழன்

எல்லாரும் சேர்ந்து அடிக்கிறீர்கள், வாங்கிக்கொள்கிறேன். இன்று தொண்டை கொஞ்சம் பரவாயில்லை, அக்காவின் உப்புத் தண்ணீருக்கு நன்றி.

ராணி அக்கா எழுதியதைப் படித்தபின் ஒரே ஆட்டம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். லியோலியைப் பற்றி நாகு எழுதியது மனதில் நிற்கிறது. அந்தச் சுற்றில் நான் சோவெட்டோவில் 4-0 பார்த்துவிட்டு, "சப்பை ஆட்டம், இதற்கு டிக்கெட் காசு தண்டம்" என்று வீட்டுக்குப் போனவன். எதிரே ஆடியவர்கள் எந்த ஊரிலிருந்து எப்படி வந்தார்கள் என்று ஒரு நிமிடம் நினைக்கவில்லை.

கூடுதல் நேரம் மட்டும் விடமாட்டேன். அரை மணி நேரம் கொடுத்திருந்தால் நாலாவது வந்திருக்கும். நான் அங்கே இருந்தேன், எனக்குத் தெரியும். லுபோபோ ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் புல்லில் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

#20 கணக்கு அக்கா

உயோ, 2022.

#21 சோவெட்டோ சோழன்

அக்கா, புண்ணில் உப்பு போடத்தான் கொப்பளிக்கச் சொன்னீர்களா.

ஐயா, ஒன்று கேட்க வேண்டும். மேனிங் ரேஞ்சர்ஸ் இப்போது எங்கே? தேடினால் லீக் பட்டியலில் இல்லையே.

#22 பெய்வியூ ஐயா

காசு இல்லாமல் போனது தம்பி. 2006இல் விற்றார்கள். கேப் பக்கம் போய்ப் பெயரும் மாறியது. முதல் சாம்பியன், பத்து வருடத்துக்குள் கதை முடிந்தது. பெரிய லானிகள் யாரும் கை கொடுக்கவில்லை. லானி என்றால் எங்கள் டர்பன் பேச்சில் பணக்கார முதலாளி.

அரங்கம் அங்கேயேதான் இருக்கிறது. டிசம்பரில் டர்பன் பக்கம் வந்தால் சொல்லுங்கள், காட்டுகிறேன். வேலிப் பக்கம் நான் நிற்கும் இடம் ஒன்று உண்டு, வெயில் முதுகில் விழும். பக்கத்திலேயே பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) வாங்கலாம், பீன்ஸ் போட்டது. ஆட்டுக்கறி என்றால் காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

#23 நெடுஞ்சாலை நாகு

டிசம்பரில் நானும் டர்பன் போகிறேன், அண்ணன் வீட்டுக்கு. சோழரே, என்3இல் வேன் ரீனன் பாஸ் வழியாக, என் காரில் ஓர் இடம் காலி. சுங்கம் பாதிப் பாதி. சன்டவுன்ஸ் சட்டை போட்டவர்களுக்கு டிக்கியில் மட்டும் இடம் உண்டு.

#24 மஞ்சள் சட்டை

டிக்கியில் புளியோதரை இருக்குமா?